மழை வராததற்குக் காரணம்

என் அம்மாவின் பிணத்தைத் தோண்டி எடுத்து எரிக்கவேண்டும் என்று எங்கள் காலனிக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, நான் அவர்களுக்கு இரண்டு புத்தகங்களைப் படித்துக் காட்டினேன். அதைவிட மடத்தனமான காரியத்தை என் ஆயுசில் நான் செய்ததில்லை. தலைவிரிகோலமாக உட்கார்ந்து அழுதிருந்தால்கூட ஒருவேளை இரக்கப்பட்டு விட்டிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கு அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் சங்கடம்.

அம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு விரல் நுனிகளில், கண்ணைச் சுற்றி, கழுத்தில். செஞ்சியில் பார்த்த டாக்டர் இது குஷ்டமும் இல்லை, தொற்றிக்கொள்கிற நோயும் இல்லை, தோலில் நிறம் போவது மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினார். ஊர் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஊருக்கு அது வெண்குஷ்டம். அம்மா களை பறிக்கப் போகும்போது புடவைக்கு மேல் நைனாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். அப்படியும் வெயில் பட்ட இடமெல்லாம் சிவந்து கொப்பளித்துவிடும். வீட்டுக்கு வந்து ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வெண்குஷ்டக்காரரைப் புதைத்தால் அந்த ஊரில் மழை பெய்யாது. எரிக்கத்தான் வேண்டும். புதைத்துவிட்டால், தோண்டி எடுத்தாவது எரிக்கவேண்டும். நாங்களோ புதைக்கிற ஜனம். மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் கிடந்த அம்மாவுக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை, இதைப் பற்றித்தான் பயம்.

"என்னிய எரிச்சிடுவாங்கடி" என்றாள் என்னிடம். "வெயிலயே இந்தத் தோலு தாங்கல. நெருப்ப எங்க தாங்கும்? மண்ணுல போடச் சொல்லு உங்க நைனாவ. மண்ணு ஜில்லுனு இருக்கும்."

"எவன் உன்னத் தொடறான்னு பாக்கறேன்" என்று சொல்லி, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், முன்பின் யோசிக்காமல் எதையாவது சொல்லிவிடுவேன்.

ஆவணி மாதம் அவள் போனாள். நைனா வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் பிடிவாதம் பிடித்தார். புதைப்பதுதான் நம் வழக்கம், புதைக்கத்தான் போகிறேன் என்றார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஏரிக்கரை ஓரம் எங்கள் ஆட்களைப் புதைக்கிற இடத்தில் குழி வெட்டினார். காலனியில் பெரியதனம் பார்த்தவர் நைனாவின் அண்ணன், என் பெரியநைனா. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததோடு சரி. ஏரியில் அப்போது முழங்கால் தண்ணீர் கிடந்தது, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு நல்ல மழை பெய்யவில்லை. அவர்கள் சொன்னதில் இந்த ஒன்று மட்டும் உண்மை. ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தது. அடுத்த ஆடியும் வெறும் காற்றோடு போனது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விதைத்தவர்கள் விதையை இழந்தார்கள். ஏரி காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டி ஒடிந்தது.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட்டில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு வியாபாரி சொந்தச் செலவில் நடத்திய படிப்பகத்தில் வேலை. புத்தகங்களுக்கு அட்டை போடுவது, எண் ஒட்டுவது, சாயந்திரம் பேப்பர் படிக்க வருகிறவர்களின் சண்டையைத் தீர்ப்பது. பகலில் ஈ காக்கை எட்டிப்பார்க்காது. மலைப்பாறைகளெல்லாம் காய்ந்து அனலை ஊருக்குள் தள்ளும். மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி அடிக்கும். வேறு என்ன செய்வது, படித்தேன்.

விஞ்ஞானம் என்று எழுதி ஒட்டிய அலமாரியில் இரண்டு மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று, பூமி சூடாகிக்கொண்டு வருகிறது என்றது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து மனிதன் விடுகிற கரியமில வாயு வானத்தில் சேர்ந்து வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, இப்படியே போனால் மழை பெய்கிற இடமும் காலமும் மாறிப்போகும் என்றது. மற்றது, அதெல்லாம் கிடையாது, பூமி குளிர்ந்துகொண்டு போகிறது, சூரியனும் எரிமலைத் தூசியும்தான் காரணம், மனிதன் செய்வதெல்லாம் அதன் முன்னால் கொசுக்கடி என்றது. எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றின் ஓரத்தில் பென்சிலால், இதற்கு அடுத்த புத்தகத்துக்காரர் என்ன சொல்கிறார் பார் என்று எழுதுவேன். அதில் போய் இதற்குப் பதில் எழுதுவேன். கடைசியில் சூடாகிறது என்றவர் பக்கம் சாய்ந்தேன். அவர் சொன்ன காரணத்தாலா, அந்த வருஷத்து வெயிலாலா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

புரட்டாசியில் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோலில் ஒரு பொம்பளைப் பொம்மை செய்து, மழை பெய்யாத பாவமெல்லாம் அவள் தலையில் என்று தெருத்தெருவாக இழுத்துப்போய், மார்பில் அடித்துக்கொண்டு அழுது, கடைசியில் கொளுத்துவார்கள். கொளுத்தினார்கள். மழை வரவில்லை. வைக்கோல் பொம்பளையால் ஆகவில்லை என்றதும் நிஜப் பொம்பளையின் ஞாபகம் வந்துவிட்டது.

ஊர்ப்பக்கமிருந்து சொல்லியனுப்பினார்கள். அந்தப் பிணத்தை எரிக்கிற வரைக்கும் காலனிக்காரர்கள் தங்கள் பம்புசெட்டுக்குத் தண்ணீருக்கு வரவேண்டாம் என்று. எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. இதை நான் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் என் பெரியநைனா ராட்சசன் மாதிரித் தெரிவார். அவர் ராட்சசன் இல்லை. காலனியில் கைக்குழந்தைகளே பத்துப் பன்னிரண்டு இருந்தன.

மாரியம்மன் கோயில் முன்னால் சாயந்திரம் கூட்டம் போட்டார்கள். பெண்கள் ஓரமாக நிற்கலாம், பேசக்கூடாது. நான் துணிப்பையில் அந்த இரண்டு புத்தகங்களையும் வைத்துக்கொண்டு நேராக நடுவில் போய் நின்றேன்.

"பெரியநைனா, மழை ஏன் வரலன்னு புஸ்தகத்துல போட்டுக்கீது. நான் படிக்கிறேன். கேட்டுட்டு அப்பறம் இன்னா வேணா பண்ணுங்க."

"படிம்மா" என்றார். "படிச்ச பொண்ணு சொன்னா கேட்டுக்கலாம்."

படித்தேன். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கினேன். பஸ்ஸை வெயிலில் நிறுத்திக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டால் உள்ளே எப்படி வேகும், அதுமாதிரி என்றேன். எரிக்க எரிக்கப் புகை மேலே போய்க் கண்ணாடியாக நிற்கிறது என்றேன்.

"அப்போ நான் குடிக்கிற பீடியாலதான் மழ நின்னுபோச்சா?" என்றார் ஒருவர்.

"நிறுத்தித் தொலைய்யா, ஊருக்காவது நல்லது நடக்கட்டும்" என்று ஓரத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நைனாகூடச் சிரித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எரிக்கிறதாலதான் சூடு ஏறுதுன்னு புஸ்தகம் சொல்லுது. நீங்க இன்னும் ஒண்ண எரிக்கலாம்ன்றீங்க" என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்ட நினைப்பு எனக்கு.

பெரியநைனா நிதானமாகக் கேட்டார். "அப்போ மழ நின்னதுக்கு சாமி காரணம் இல்ல."

"இல்ல."

"மனுஷன் பண்ண தப்புதான் காரணம்."

"ஆமா பெரியநைனா."

"நாங்களும் அதத்தானம்மா சொல்றோம். மனுஷன் பண்ண தப்புதான். தெரிஞ்சே பொதச்சோம் இல்ல?"

ஒரு மனுஷன் பண்ணினது இல்லை, உலகம் பூராவும் எல்லாரும் சேர்ந்து பண்ணினது என்று கத்தினேன். கத்தினால் எடுபடுமா? "சீமையில எவனோ பொக வுட்டான்னா அடுத்த ஊருக்கும் மழ நிக்கணும் இல்ல? அங்க ஏரியில தண்ணி கீது, நம்ம ஏரி மட்டும் ஏன் காஞ்சுது?" என்றார் இன்னொருவர். அடுத்த ஊரில் ஆடியில் ஒரே ஒரு மழை பெய்திருந்தது. அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. அது உலகத்தைப் பற்றிப் பேசுகிற புத்தகம், எங்கள் ஏரியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் கூட்டத்தில் இருந்தான். பால் சொசைட்டியில் எழுத்து வேலை. "அந்த இன்னொரு புஸ்தகம் இன்னாது?" என்று கேட்டான்.

மறைத்திருக்கலாம். வேறு பாடப்புத்தகம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் சொல்வதுதான் நியாயம் என்று படிப்பகத்தில் உட்கார்ந்து பழகிய கொழுப்பு. எடுத்துக் கொடுத்தேன். அவன் என் பென்சில் குறிகளைப் பார்த்துப் பார்த்து, சரியான இடங்களைத் தேடி, உரக்கப் படித்தான். காரணத்தைப் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று இரண்டு புத்தகத்திலும் ஓரிடத்தில் இருந்தது. இரண்டிலும் நானே கோடு போட்டு வைத்திருந்தேன்.

"இது சூடாவுதுன்னு சொல்லுது, அது குளிருதுன்னு சொல்லுது" என்றான். "எழுதினவங்களுக்கே காரணம் தெரியலன்னு அவங்களே ஒத்துக்கிறாங்க. அப்பறம் நம்ம ஆளுங்க சொல்றது மட்டும் எப்படித் தப்பாவும்?"

அவன் குரலில் வன்மம் எதுவும் இல்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரிதான் கேட்டான். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பெரியநைனா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தோ பாரும்மா. உங்கம்மா காரணம் இல்லன்னு இந்த ரெண்டுல எதுலயாவது போட்டுக்கீதா?"

"இல்ல" என்றேன். அந்த நேரத்தில் வாயில் ஒரு பொய் வரவில்லை, பாவி எனக்கு.

அவர் எனக்காக ஒன்று செய்தார். ஊர்க்காரர்களிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொல்லி, ஐப்பசி அமாவாசை வரைக்கும் தவணையும், அதுவரை வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீரும் வாங்கிக் கொடுத்தார். "அதுக்குள்ள ஒரு மழ பேஞ்சா உன் புஸ்தகம் ஜெயிச்சுதுன்னு வெச்சிக்கலாம். பேயலன்னா குறுக்க நிக்காத."

"சரி" என்றேன்.

நைனா என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "நீ ஏன்டி ஒத்துக்கின?" என்று மட்டும் கேட்டார். அப்புறம்தான் உறைத்தது. மழை வராவிட்டால் அம்மாதான் காரணம் என்று ஊருக்கு முன்னால் நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நானும் அவர்களில் ஒருத்தி ஆனேன். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். படிப்பகத்துக்கு வரும் பேப்பரில் வானிலைச் செய்தியைத்தான் முதலில் பார்ப்பேன். கோட்டை மலைக்கு மேல் ஒரு மேகம் நின்றால், கலையாதே கலையாதே, கிழக்கே எங்கள் ஊருக்குப் போ என்று அதோடு பேசுவேன். அதுவரை கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். அந்த இரண்டு புத்தகங்களை மட்டும் தொடவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், செஞ்சியில் மழை கொட்டியது. பஸ் ஸ்டாண்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். படிப்பகத்தைப் பூட்டிவிட்டு, நனைந்துகொண்டே ஓடிப் பஸ் பிடித்தேன். பஸ்ஸுக்குள் ஒழுகியது, என் தலைமேல் ஒழுகியது, நான் பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்கினேன். ரோடு காய்ந்து கிடந்தது. பஸ் கிளப்பிய புழுதி என் ஈரப்புடவையில் அப்பியது.

விடவில்லை. அப்படியே பெரியநைனா வீட்டுக்குப் போய் முந்தானையை நீட்டினேன். "செஞ்சியில பேஞ்சுது, பாருங்க பெரியநைனா. இன்னும் ரெண்டு மூணு நாள்ல இங்கயும் வந்துடும்."

அவர் முந்தானையை விரலால் தடவிப் பார்த்தார். ஆசையோடுதான் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். "செஞ்சியில யாரும் அப்படிப் பொதைக்கலியேம்மா" என்றார்.

தீபாவளி வந்தது. மழை வரவில்லை. போலீசுக்குப் போகலாமா என்று நைனாவிடம் கேட்டேன். "போயிட்டு வந்து யாரு மொகத்துல முழிக்கிறது? கொழந்தைங்களுக்குத் தண்ணிய நீ குடுப்பியா?" என்றார். நான் போகவில்லை. யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போகாதது நான்தான்.

அமாவாசைக்கு மறுநாள் காலையில் தோண்டினார்கள். பெண்கள் அங்கே வருகிற வழக்கம் இல்லை. நான் போனேன். என் முகத்தைப் பார்த்து எவரும் தடுக்கவில்லை. நைனா தள்ளிப்போய்ப் பனைமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். குழி வெட்டிய அதே மாமாதான் தோண்டவும் செய்தார். குடித்திருந்தார். குடிக்காமல் எப்படிச் செய்வது? ஏரிக்கரை மேல் ஊர் ஆட்கள் இரண்டு பேர் மூக்கில் துண்டைப் பிடித்துக்கொண்டு, காரியம் நடக்கிறதா என்று பார்த்து நின்றார்கள்.

மண் ஒன்றும் ஜில்லென்று இல்லை. இடுப்பளவு ஆழத்திலும் காய்ந்துதான் இருந்தது. முதலில் புடவை வந்தது, சாயம் போயிருந்தது. பிறகு முடி. பிறகு எலும்பு. மாமா குழிக்குள் நின்றபடி மண்ணைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து பெரியநைனாவைப் பார்த்தார்.

"தோலே இல்லியே" என்றார். "வெறும் எலும்புதான் கீது. வெள்ள எங்க கீது எரிக்கிறதுக்கு?"

எந்த வெள்ளைக்காக அவளைத் தோண்டினார்களோ அது இல்லை. மண் தின்றுவிட்டது. எலும்பு மண்ணின் நிறத்தில் இருந்தது, எவருடைய எலும்பும் அப்படித்தான் இருந்திருக்கும். அடப்பாவிகளா, பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று நான் கரைமேல் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினேன். அவர்கள் துண்டை எடுக்கவில்லை. பெரியநைனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இன்னாத்தையாவது எரிச்சிடு" என்றார் மாமாவிடம். "அவங்க பாத்துட்டுப் போவணும்."

எருமுட்டையும் பனையோலையும் அடுக்கி, ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கொள்ளி வைக்க நைனாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. மாமா கிழித்த தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. தீப்பெட்டியைப் பிடுங்கி நானே ஒரு குச்சியைக் கிழித்து வைத்தேன். வேறு எவன் கையும் அவள்மேல் படவேண்டாம் என்று தோன்றியது. அவள் தலையில் வைத்துச் சத்தியம் செய்த கை அது.

அன்றைக்குச் சாயந்திரமே பம்புசெட்டை முழுசாகத் திறந்துவிட்டார்கள். நானும் குடம் எடுத்துக்கொண்டு போனேன்.

இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. பின்னால் எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, கூட வேலை பார்த்தவர்கள் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் படித்தவர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், காட்டுமிராண்டிகள் என்று திட்டுவார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு, எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். அப்புறம் மழை வந்துச்சா?

வந்தது. எரித்த பத்தாம் நாள், காலையில். ஐப்பசியில் வரவேண்டிய மழை கார்த்திகைக்குத் தள்ளிப்போய் வந்தது. கடலோரம் பூராவும் பெய்தது, அங்கெல்லாம் யாரும் யார் அம்மாவையும் தோண்டவில்லை. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவேன். ஆனாலும் வந்தது என்று நான் சொன்னதுமே கேட்கிறவர்கள் முகத்தில் எரித்ததால்தானோ என்கிற நினைப்பு வந்துபோகும். ஒரு நொடிதான். அதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும், செவிட்டில் ஒன்று விடலாமா என்றிருக்கும். ஒருமுறைகூட ஒன்றும் சொன்னதில்லை.

சொல்ல எனக்கு வாய் ஏது? அன்றைக்குக் காலையில் நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூரையில் சடசடவென்று விழுந்தது. வெளியே ஜனங்கள் ஓடுகிற சத்தம், குழந்தைகள் கத்துகிற சத்தம். நைனா வாசலில் நனைந்துகொண்டே கும்பிட்டு நின்றார். இரண்டு புத்தகத்தையும் வரிவரியாகப் படித்தவள் நான், குழிக்குள் எட்டி அந்த எலும்பைப் பார்த்தவள் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும், அப்போ அம்மாதான் காரணம்போல என்று நினைத்தேன். எரித்தது வீண்போகவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.